ஆரின்ர முதலாளி பணக்காரன்?

“உன்ர முதலாளியைவிட என்ர முதலாளி பணக்காரன்.”

லண்டன் வெம்பிளியில் ரயில் ஏறியதும் இதுதான் காதில் விழுந்தது. எதிர் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள்.

“என்ர ஆள் லெபனானிலை சண்டை தொடங்கினவுடனை காசோடை வந்தவர். எட்ஜ்வேர் ரோட்டிலை சாப்பாட்டுக்கடை சொந்தம்” என்றார் மூத்தவர்.

“என்ர இஸ்ரேல்காரர் வெறுங்கையோடை வந்தவர், அண்ணை. பேக்கரி இன்னும் வாடகைதான். என்னோடை நிண்டு மாக் குழைக்கிறார்.”

“பாத்தியே!”

“ஓம். ஆனால் பெருநாளுக்குப் பெருநாள் ஊருக்குப் போட்டு வாறார். உங்கடை ஆள்?”

மூத்தவர் சொன்னார்:

“அவருக்குப் போகேலாது. அங்கை அவரின்ர வீட்டிலை வேறை ஆரோ இருக்கினமாம். நான் வேலை கேட்டுப் போனபோது, ‘நீ எப்ப ஊருக்குத் திரும்புவாய்?’ எண்டு கேட்டார். தெரியாது எண்டன். வேறை ஒண்டும் கேக்கேல்லை. இடுப்பிலை கட்டச் சொல்லி ஏப்ரனை எடுத்துத் தந்தார்.”