ஒரே பேர ரெண்டு தடவ

மொதல்ல அந்தப் பழைய ரேடியோவ கீழ வையி தம்பி. வச்சுட்டுப் பேசு. பழசக் குடுத்தா புதுசுக்குக் கழிவு உண்டு, அதெல்லாம் காதுல வுழுந்துச்சு. எம்மவன் போன்லயே சரின்னு சொல்லிட்டானாக்கும்? பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு, செந்துறையில என் வூட்டுச் சாமானத் தூக்கிக் குடுக்க அவன் யாரு? கோகுலகிருஷ்ணன்னு பேரு வச்சேன், புத்தி வைக்க மறந்துட்டேன்.

ம்? உன் புதுப் பெட்டி நல்லாத்தான் பாடுது. யாரு இல்லேன்னா. மொட்ட மாடியில தட்டு மாதிரி ஒண்ண மாட்டி வானத்தப் பாக்க வச்சுட்ட. கொரகொரப்பு இல்ல, எரைச்சல் இல்ல. இது எங்கேருந்து பேசுது? சேட்டிலைட்டுலேருந்தா. சரி. அம்மாம் ஒசரத்துல இருக்கிறவனுக்கு செந்துறை தெரியுமா? நேத்து ராத்திரி கடலக்கொல்லையில மழ பேஞ்சுதே, தெரியுமா? முந்திரிக்கொட்ட என்னா வெல போவுதுன்னு தெரியுமா? பாட்டு முடிஞ்சா பாட்டு, அது முடிஞ்சா இன்னொரு பாட்டு. பந்தி முடிஞ்சு எல வாரிப் போட்டப்பறமும் கல்யாண வூட்டுல ஸ்பீக்கர நிறுத்தாம வுட்ட மாதிரி. அதுக்குள்ள மனுசன்னு ஒருத்தனும் இல்ல. இந்த எளவுக்கு வருசா வருசம் சந்தா வேற. பாட்டு கேக்கச் சந்தா கட்டுறவன் நாளைக்குக் காத்து வாங்கவும் கட்டுவான்.

ஒடனே, அப்ப திருச்சி ரேடியோ ஒசத்தியான்னு கேக்காத. அது இத வுட மட்டம். ஞாயித்துக்கெழம ஆனா நேயர் விருப்பம்னு ஒண்ணு போடுறான் பாரு, கேட்டுருக்கியா? ஒரு பாட்டுக்கு ஒரு ஊரே வரிசையில நிக்கும். எறையூர்லேருந்து வீராயி, அமாவாசை, சசிகலா, பிரவீணான்னு, ரேசன் கடையில மண்ணெண்ணெய்க்குக் கூப்புடுற மாதிரி கூப்புட்டுக்கிட்டே இருப்பா அந்தப் பொம்பள. பாட்டு பாதியில நின்னுரும், பேரு நிக்காது. இதுக்குன்னு கார்டு வாங்கி, குடும்பத்துல உள்ளதுவ பேரெல்லாம் பெரியவங்கள்லேருந்து வரிசையா எழுதிப் போட்டுட்டு, வருதா வருதான்னு காதத் தீட்டிக்கிட்டு உக்காந்துருக்குதுவ. வேல வெட்டி இல்லாததுவ.

அதுலயும் ரெட்டிபாளையத்துலேருந்து ஒரு கும்பல் இருக்கு. வாரம் தப்பாது. சிமெண்டுத் தூசியில காயப்போட்ட வேட்டி வெறச்சு நிக்கிற ஊரு அது. அங்க பாட்டு ஒண்ணுதான் கொறச்சல்.

எனக்கென்னவா? நல்லா கேட்ட. அந்தக் கும்பல்ல மொதப் பேரே என் பேருய்யா. ராசாங்கம். அடுத்தது அமிர்தவல்லி, அடுப்படியில நிக்கிறாளே, எம் பொண்டாட்டி, அவதான். மொதத் தடவ வந்தப்ப டீக்கடை முத்துவேல்தான் நக்கலு பண்றான்னு நெனச்சு, கடைக்கே போயி நாலு பேரு முன்னாடி அவன கிழிகிழின்னு கிழிச்சுட்டேன். அவன் முழிக்கிறான். அப்பறந்தான் அடுத்தடுத்த பேர ஒழுங்காக் கேட்டேன். பிரேம்குமார். தென்றல்.

ஆமா. எம் பொண்ணு. வேற சாதிப் பய ஒருத்தன், சிமெண்டு ஃபேக்டரியில வேல பாக்குறவன், அவனோட போயிட்டா. போனவ போனவதான். வாசப்படி ஏறக்கூடாது, அவ பேர இந்த வூட்டுல யாரும் வாயெடுத்துச் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டேன். இவ சொல்ல மாட்டா. எம்மவன் சொல்ல மாட்டான், அவனுக்கு அவ்வளவு தெகிரியம் கெடையாது. நான் போட்டது போட்டதுதான். அந்த ரேடியோக்காரிக்கு மட்டும் அது புரிய மாட்டேங்குது. வாரா வாரம் நடுவூட்டுல நின்னு கூப்புடுறா.

நிறுத்த வேண்டியதுதானங்கிறியா? விவசாயச் செய்தி கேக்க வேணாமா நான்? அதுக்கப்பறம் இது வருது. எந்திரிச்சுப் போயி நிறுத்த முட்டி வலி.

இரு, இத்தோட முடியல. கொஞ்ச நாளா அவ எம் பேர ரெண்டு தடவ படிக்கிறா. ராசாங்கம், அமிர்தவல்லி, பிரேம்குமார், தென்றல், மறுபடி ராசாங்கம். சர்க்கார் சம்பளத்த வாங்கிக்கிட்டு தூங்கி வழியிறியாடின்னு கத்துனேன். அடுத்த வாரமும் அதே மாதிரி. இத வுடக்கூடாது, மேல எழுதிப்போட்டு அந்த ரேடியோக்காரி சீட்டக் கிழிக்கிறேன்னு கார்டு எடுத்துட்டு வரச் சொன்னா, எம் பொண்டாட்டி முந்தானைய வாயில வச்சுக்கிட்டு நிக்கிறா. சிரிக்கிறாளா அழுவுறாளான்னு தெரியல.

ஆங், அதத்தான் சொல்லுவன்னு தெரியும். உன் பெட்டியில இந்த மாதிரி தப்பெல்லாம் வராது. பேரே வராதே, தப்பு எங்கேருந்து வரும்? ரெட்டிபாளையத்துலேருந்து இன்னார்னு ஒரு வார்த்த உன் சேட்டிலைட்டு படிக்குமா? படிக்காதுல்ல. அப்பறம் என்னாத்துக்கு அது.

அவ தப்பாப் படிக்கலயாம் தம்பி. ரெண்டாவது ராசாங்கத்துக்கு இன்னும் பல்லே மொளைக்கலயாம். அரியலூர் பஸ்ஸுல யாரோ எம் பொண்டாட்டிக்கிட்ட சொன்னாங்களாம்.

கூறு கெட்ட பய. வாசப்படி ஏறாதன்னு சொன்னவன் பேர எவனாவது தன் புள்ளைக்கு வைப்பானா? அவன் அப்பனுக்குப் பேரே இல்லயா? இப்ப பாரு, அந்தக் கழுத நாள் பூரா என்னய பேரு சொல்லிக் கூப்புட்டுக்கிட்டு கெடக்கா. ராசாங்கம் சாப்புடு, ராசாங்கம் தூங்குன்னு.

போயிப் பாக்கவா? நானா? நான் எதுக்குய்யா போவணும். ஞாயித்துக்கெழம ஆனா அவனே வூட்டுக்கு வந்துட்டுப் போறான்.

ஏ அமிர்தம், அடுப்ப அமத்திட்டு வா, நேரமாச்சு. தம்பி, உன் பெட்டிய நிறுத்து. இதப் போடு. சத்தமா வையி.