படையலுக்கு எடுத்த மட்டி

– அந்த வாளியை உள்ள கொண்டுபோகாதீங்கப்பா. இங்கேயே வைங்க.

– என்ன சேரம், வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறே? நாளைக்கு உங்க தாத்தாவுக்குப் படையல். கடல் மட்டி போடாம சூப்பு வச்சா அவரே எந்திரிச்சு வந்து கேப்பாரு, கேட்டியா.

– அந்த மட்டி வேணாம்னுதான் சொல்ல வந்தேன். அதாவது, அதுல விஷம் இருக்கலாம்.

– இருக்கலாமா, இருக்கா?

– இருக்கும்னு நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை நம்ம சிப்பிப் பண்ணையில மூணாவது மிதவை வரிசையில தண்ணி மோந்தேன்ல, அதை நேத்து வகுப்புல மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தேன். நஞ்சுப் பாசி. நாலு நாலா கோத்த மணி மாதிரி. மூணு தடவை எண்ணினேன்.

– அந்தத் தண்ணி ஐஸ் ஃபேக்டரிக்குன்னு சொன்னியே.

– பொய் சொன்னேன்.

– என் மகளுக்குப் பகல்ல ஃபேக்டரி ஆபீஸ்ல வேலை, சாயங்காலம் காலேஜ்ல கணக்கு. தோங்யோங் ஊரு முழுக்க அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியறேன். கணக்கு வகுப்புல மைக்ராஸ்கோப்பு எங்கேருந்து வந்துச்சு?

– முதன்மைப் பாடம் கணக்குதான். கூட ஒரு துணைப்பாடம் எடுக்கணும். கடல் அறிவியல் எடுத்தேன். இது ரெண்டாவது பருவம்.

– ரெண்டு பருவமா? வாயே திறக்கல.

– சொன்னா சிரிப்பீங்க.

– சிரிக்காம? முப்பத்தோரு வருஷமா கடலுக்குள்ளேயே கிடக்கேன். கடலைப் படிக்க என் மக பஸ் பிடிச்சு மாடி ஏறிப் போறா.

– பாத்தீங்களா.

– சரி, சரி. உங்க வாத்தியாரு என்ன சொன்னாரு?

– அவங்க வெளியூர் போயிருக்காங்க. திங்கக்கிழமைதான் வருவாங்க. மெசேஜ் அனுப்பியிருக்கேன். நாலு தடவை எழுதி அழிச்சுட்டு அனுப்பினேன்.

– அப்ப உனக்கே நிச்சயமில்ல. போன வாரம் மீன்வளத் துறைக்காரங்க நம்ம சிப்பியை எடுத்துப் பாத்து, நல்லாயிருக்குன்னு சீட்டு குடுத்தாங்க. ஒரே கயிறு, ஒரே தண்ணி. சிப்பி தொங்குற கயித்துலதான் இந்த மட்டியும் களை மாதிரி ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. சிப்பிக்கு வராத விஷம் இதுக்கு மட்டும் எப்படி வரும்?

– மட்டி சீக்கிரமா இழுத்துச் சேத்துக்கும்பா. அதோட நீங்க சொல்றது போன வாரம். அதுக்கப்புறம் தண்ணி சூடேறியிருக்கு.

– நான் என்ன இதைச் சந்தையில விக்கவா போறேன்? வருஷா வருஷம் அக்கம்பக்கத்து ஆறு வீட்டுக்குக் குடுக்கிறது.

– அதான் எனக்குப் பயமே. விக்கிறதைத்தான் அவங்க பரிசோதிக்கிறாங்க. இதை யாரும் பாக்கிறதில்ல.

– நல்லாக் கொதிக்க வச்சா எல்லாம் செத்துடும்.

– பாசி செத்துடும். விஷம் அப்படியே இருக்கும். இப்பவே துறைக்குப் போன் பண்ணிச் சொல்லிடலாம்னு...

– பண்ணினா என்ன ஆகும் தெரியுமா? நம்ம வரிசையை மட்டுமா மூடுவாங்க? அறுவடை முடிய இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. சிப்பி ஓடு உடைக்கிற கொட்டகையில பதினோரு பொம்பளைங்க உக்காந்திருக்காங்க. துணைப்பாடம் படிக்கிற என் மக ஏதோ எண்ணிட்டான்னு எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னு சொல்லட்டுமா? நீ எண்ணினது தப்பா இருந்தா?

– தப்பா இருக்கலாம். நேத்திலேருந்து நானும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். நோட்டுல ரெண்டு பக்கமா பிரிச்சு எழுதினேன். தப்பா இருந்து நான் சொல்லிட்டா என்ன ஆகும்னு ஒரு பக்கம். நீங்க சொன்னது அத்தனையும் அதுல இருக்கு. கொட்டகை, அறுவடை, கூட்டுறவுச் சங்கத்துல உங்களைத் திட்டுறது, எல்லாம்.

– இன்னொரு பக்கம்?

– சரியா இருந்து நான் சொல்லாம விட்டா. போன வருஷம் நம்மகிட்ட மட்டி வாங்கினவங்க பேரை எழுதலாம்னு ஆரம்பிச்சேன். முதல் பேரு அடுத்த வீட்டு சுன்ரே அத்தை. அதுக்கு மேல எழுத முடியல.

– சரி, வாளியைக் கீழ வைக்கிறேன்.

– இந்த வருஷம் யாருக்காவது குடுத்துட்டீங்களா?

– இல்ல. முதல்ல தாத்தாவுக்கு வைக்கணும், அப்புறந்தான் ஊருக்கு. படையல் முடியற வரைக்கும் உங்கம்மா உப்புப் பாக்கக்கூட வாயில வைக்க மாட்டா.

– நல்லவேளை. அப்ப யாரும் சாப்பிடல. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், இந்தத் தடவை சூப்புல மாட்டுக்கறி மட்டும் போடட்டும். தாத்தா கோவிச்சுக்க மாட்டாரு.

– அந்த விஷம் உடம்புல ஏறினா முதல்ல எங்க தெரியும்? உன் பாடத்துல இருக்கா?

– உதட்டுல. சுருக்சுருக்குன்னு இருந்து அப்புறம் மரத்துப்போகும். அடுத்து விரல் நுனி. ஏம்பா?

– எத்தனை நாழியில?

– அரை மணியிலயும் வரலாம், கொஞ்ச நேரம் கழிச்சும் வரலாம். எதுக்குக் கேக்கறீங்க?

– துறைக்காரங்களுக்குப் போற வழியில போன் போட்டுச் சொல்லிடு, கேட்டியா. நீ எண்ணினதை அப்படியே சொல்லு. உங்கம்மாகிட்ட மட்டும் இப்பச் சொல்லாத, படையலுக்கு எடுத்ததுல வாய் வச்சேன்னு கத்துவா.

– போற வழியிலயா? எங்க போறோம்?

– ஆஸ்பத்திரிக்கு. மத்தியானம் படகுலயே ஒரு கை அவிச்சுத் தின்னுட்டேன். வண்டிச் சாவி என் சட்டைப் பையில இருக்கு, நீயே எடுத்துக்க. விரல்ல பிடி நிக்க மாட்டேங்குது.