இராமலெட்சுமி வைக்க மறுத்த கண்கள்

மேடையின் நடுவில் அமர்ந்திருக்கும் எங்கள் வர்த்தகர் மன்றத் தலைவர் திரு. சுந்தரலிங்கம் அவர்களே, அவருக்கு இருபுறமும் நெருக்கியடித்து இருக்கும் மன்றப் பிரமுகர்களே, ஜிந்துப்பிட்டியிலிருந்து வந்திருக்கும் இராமலெட்சுமியின் உறவினர்களே, அம்மாமாரே, சகோதரர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். தலைவர் இருபத்தைந்து நிமிடம் பேசினார். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் இறந்து போனவருடைய பெயரை இரண்டு தரம் சொன்னார். அதில் ஒரு தரம் ராஜலெட்சுமி என்று சொன்னார். ஆகவே பெயரைத் திருத்திவிட்டுத் தொடங்குகிறேன். இராமலெட்சுமி. காளியப்பன் மகள் இராமலெட்சுமி. வயது நாற்பத்திரண்டு. போன மாதம் டெங்குக் காய்ச்சலில் ஒன்பது நாள் கிடந்து இறந்தவர். என் ஸ்ரூடியோவுக்குப் பக்கத்துக் கடையில், போன் பேசவும் போட்டோகொப்பி அடிக்கவும் ஆட்கள் வருகிற அந்தச் சின்னக் கொமியுனிகேஷனில், பதினொரு வருடம் வேலை செய்தவர்.

அவருக்கு இன்றைக்கு "கணினிக் கலைச்சுடர்" என்று பட்டம் சூட்டியிருக்கிறீர்கள். நல்லது. உயிரோடு இருந்தபோது அவருக்கு இந்தக் காலி வீதிக் கடைத்தெரு வைத்திருந்த பெயர் என்ன? "போட்டோகொப்பிக்காரி." அந்தப் பெயரை வைத்தது யார்? நான்தான். என் பெயர் பூபாலசிங்கம். முப்பத்தொரு வருடமாக வெள்ளவத்தையில் படம் பிடிக்கிறவன். இந்த மேடையில் இருக்கிறவர்களை நான் இகழப் போகிறேன். அதற்கு முன் என்னையும் அந்த வரிசையில் ஒரு கதிரை போட்டு இருத்திவிடுகிறேன்.

2006ஆம் ஆண்டு கடைசியில், சீனியம்மா என்ற ஒரு தாய் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து என் ஸ்ரூடியோவுக்கு வந்தா. மகன் அழகுமுத்து கொட்டாஞ்சேனையில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை. கடை வாசலில் வைத்து ஒரு வெள்ளை வான் அவனை ஏற்றிக்கொண்டு போய் பன்னிரண்டு நாள். முறைப்பாடு எழுதுகிற அலுவலகத்தில் படம் கேட்டிருக்கிறார்கள். அவவிடம் இருந்தது ஒரே ஒரு படம். தோட்டத்து விளையாட்டுப் போட்டியில், உச்சி வெயிலில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து யாரோ எடுத்தது. வானம் வெள்ளைக் கடதாசி. சட்டை வெள்ளைக் கடதாசி. முகம் இருந்த இடத்தில் கரி. அலுவலகத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன்? கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். "இதில ஒண்டும் செய்யேலாது" என்று சொல்லி அனுப்பினேன். இத்தனைக்கும் எனக்கு வழி தெரியும். பிலிம் கழுவுகிற இருட்டறைக் காலத்தில், வெளிச்சமும் இருட்டும் இப்படிச் சண்டை பிடிக்கிற படத்தை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று நான் படித்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்க மினைக்கெட வேண்டிய வேலை. தோட்டத்திலிருந்து வந்த ஒரு கிழவிக்காக ஏன் மினைக்கெட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததை நினைத்தபடியே சொல்கிறேன்.

அந்தத் தாய் படத்தைப் பிரதி எடுக்கப் பக்கத்துக் கடைக்குப் போனா. இராமலெட்சுமி அந்தப் படத்தோடு என்னிடம் வந்தார். எப்போதும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். "அண்ணே, இந்த இருட்டுக்குள்ள முகம் இருக்குண்ணே. சரிச்சுப் பாத்தா தெரியுது. எப்படி வெளிய எடுக்கிறது?" என்று கேட்டார். போட்டோகொப்பி அடிக்கிற ஆளுக்கு இந்த வேலை எதற்கு என்று நான் சிரித்தேன். கடையில் நின்ற என் வாடிக்கையாளர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அதில் ஒருவர் இப்போது மேடையில் இடப்பக்கத்தில் இருக்கிறார். அவருக்கு ஞாபகம் இருக்கும்.

இராமலெட்சுமி போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகவில்லை. வேலையைப் பார்க்கப் போனார்.

கடையில் ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. இந்தியக் கணினிச் சஞ்சிகை ஒன்றோடு இனாமாக வந்த சீடியில் கிம்ப் என்று ஒரு மென்பொருள். யாரும் விலை கொடுக்கத் தேவையில்லை. உலகத்தில் யாரோ கொஞ்சப் பேர் சேர்ந்து செய்து, எடுத்துப் பாவியுங்கள் என்று வைத்திருக்கிறார்கள். இணையத்தில் இதற்கு வழி சொல்லும் நாலு பக்கத்தை அச்செடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில் பென்சிலால் தமிழ் எழுதினார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் முதலாளி விடுவார். முதலில் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறார். முகம் சாம்பலாய்ப் போனது. பிறகு இருட்டைக் கூட்டியிருக்கிறார், இருந்ததும் போனது. மூன்று கிழமை இப்படியே போனது.

மூன்றாம் கிழமை முடிவில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்னும் கொஞ்சம் சிரிக்கலாம் என்றுதான் போனேன். படத்தின் மேல் அதே படத்தின் இன்னொரு பிரதியை வைத்தார். மேலே வைத்ததில் நிறத்தை எடுத்தார். அதைத் தலைகீழாக்கினார், நெகட்டிவ் மாதிரி, கறுப்பு வெள்ளையாக, வெள்ளை கறுப்பாக. அதை நன்றாக மங்கலாக்கினார். பிறகு இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும்படி ஒரு கட்டளை கொடுத்தார். வானம் இறங்கியது. சட்டையில் மடிப்புத் தெரிந்தது. கரிக்குள்ளிருந்து ஒரு பொடியன் எங்களைப் பார்த்தான். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய ஒரு தழும்போடு பார்த்தான்.

இருட்டறையில் நான் படித்ததும் இதுதான். நெகட்டிவின் மேல் அதன் மங்கலான நேர்ப்பிரதியை வைக்கிற அதே வித்தை. எனக்கு அது பத்திரமாகப் பூட்டி வைத்த தொழில் இரகசியம். அவர் அதைத் தானாகவே படித்தெடுத்து, ஒரு சீ.ஆர். கொப்பியில் தமிழில் படிப்படியாக எழுதி, யார் கேட்டாலும் காட்டினார்.

அந்தத் தழும்பை வைத்துத்தான் நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு தடுப்பு முகாமில் அழகுமுத்துவை அடையாளம் கண்டார்கள். அவன் பெயர் அங்கே பிழையாகப் பதியப்பட்டிருந்தது. பெயரை வைத்துத் தேடியிருந்தால் இன்றைக்கும் கிடைத்திருக்க மாட்டான். இப்போது தோட்டத்தில் தாயோடு இருக்கிறான். கொழும்புக்கு வரப் பயம்; அதனால் இன்றைக்கு வரவில்லை.

செய்தி பரவியது. வவுனியாவிலிருந்து, திருகோணமலையிலிருந்து வந்து இந்த வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருந்த தாய்மார் எல்லாம் படங்களோடு வந்தார்கள். கடை வாசலில் வரிசை நின்றது. தலைவர் சுந்தரலிங்கம் அவர்களே, அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? உங்கள் உரையில் அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். நான் சொல்கிறேன். உங்கள் புடவைக் கடைக்கு முன்னால் பெண்கள் அழுதுகொண்டு நின்றால் வியாபாரம் கெடும், பொலிஸின் கண் விழும் என்று அந்த முதலாளியிடம் போய்ச் சொன்னீர்கள். இராமலெட்சுமியின் கொம்பியூட்டர் பின்பக்கத்துக் களஞ்சிய அறைக்குப் போனது. ஜன்னல் இல்லை. கதவைத் திறந்தால் முற்றம். முற்றம் முழுக்க மழைத் தண்ணீர் தேங்கிய தகரங்கள். அங்கே ஒன்றரை வருடம் இருந்து வேலை செய்தார். டெங்கு நுளம்பு அங்கேதான் கடித்தது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லக்கூடாது என்று அவரிடம்தான் படித்தேன். எப்படிப் படித்தேன் என்பதையும் கேளுங்கள்.

கொம்பனித்தெருவிலிருந்து கைருன்னிஸா என்ற சகோதரி வந்தார். அவர் இங்கே இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். கணவர் ஹாஷிம் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர். ஒரு நாள் ஆள் ஏற்றிக்கொண்டு ஹயர் போனவர் திரும்பவில்லை. வீட்டில் இருந்த ஒரே படத்தில் தலையில் தொப்பி. தொப்பியின் நிழலில் கண்ணும் மூக்கும் முழு இருட்டு. இராமலெட்சுமி இரண்டு நாள் முயன்றார். ஒரு காது வந்தது. தாடை வந்தது. வண்டிக் கைப்பிடியைப் பிடித்திருந்த கையில் வளைந்த சுண்டுவிரல் வந்தது. கண் வரவில்லை. அங்கே ஒன்றும் பதிவாகவே இல்லை.

கைருன்னிஸா சொன்னார்: "அக்கா, அவர்ட தம்பி மர்ஸூக்குக்கும் அதே கண்தான். அத எடுத்து வைங்களே. யாருக்குத் தெரியப்போகுது?"

இராமலெட்சுமி சொன்னார்: "இருட்டுல இருக்கிறத நான் வெளிய எடுப்பேன் தங்கச்சி. இல்லாதத வைக்க மாட்டேன். வச்சா அது உங்க வீட்டுக்காரரா இருக்காது."

கைருன்னிஸாவுக்கு ஆத்திரம். யாருக்குத்தான் வராது? கணவரைத் தொலைத்துவிட்டு நிற்கிற பெண்ணிடம், இரண்டு கண்ணை வைக்க மாட்டேன் என்றால்? அழுதுகொண்டு என் ஸ்ரூடியோவுக்கு வந்தார். நான் வைத்துக் கொடுத்தேன். அரை மணித்தியாலம். விலை கூடிய மென்பொருள். அதுவும் களவாகப் பிரதி எடுத்தது. மர்ஸூக்கின் கண்ணையும் மூக்கையும் வெட்டி, ஹாஷிமின் தொப்பிக்குக் கீழே ஒட்டி, ஓரத்தை மழுக்கி, பளபளக்க அச்செடுத்தேன். பக்கத்துக் கடையில் முடியாதது என் கடையில் முடிந்தது என்று பெருமைப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து, முறைப்பாட்டோடு கொடுத்திருந்த அந்தப் படத்தைக் கொண்டு நாலு பேர் கொம்பனித்தெரு வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறந்தது மர்ஸூக். படத்தைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள். காணாமல் போனதாக எழுதிக் கொடுத்த ஆள் வீட்டில் நிற்கிறான் என்றார்கள். மர்ஸூக்கைக் கொண்டுபோய் நாலு நாள் வைத்திருந்தார்கள். வரும்போது ஒரு காது கேட்கவில்லை. ஹாஷிமின் முறைப்பாட்டுக் கோவையை மூடிவிட்டார்கள். ஆள் கிடைத்துவிட்டார் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

கைருன்னிஸா என் மேசையில் படத்தை வைத்தார். என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நேரே பக்கத்துக் கடைக்குப் போனார்.

இராமலெட்சுமி அவரைக் குறை சொல்லவில்லை. நான் அன்றைக்கே சொன்னேனே என்று கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, புதிய கடிதம் எழுத உதவினார். காது, தாடை, சுண்டுவிரல், இவ்வளவுதான் உண்மை. கண் வேறொருவருடையது என்று எழுதினார். அதை உறுதிப்படுத்த ஒரு கையெழுத்துத் தேவைப்பட்டது. மறுநாள் காலையில் நான் கடை திறக்கிற நேரம் கடிதத்தோடு வந்து நின்றார்.

"படத்த மாத்தினது நீங்கன்னு எழுதி ஒரு கையெழுத்து வைக்கணும்ணே."

நான் மாட்டேன் என்றேன். பொய்ச் சான்று தயாரித்தவன் என்று என்னைப் பிடித்துக்கொண்டு போனால் என் குடும்பத்தை யார் பார்ப்பது என்று கேட்டேன். சரிண்ணே என்று போய்விட்டார். அடுத்த நாள் அதே நேரம் வந்தார். அதே வசனத்தை அதே குரலில் சொன்னார். ஆறு நாள் வந்தார். ஒரு நாளும் சத்தம் உயரவில்லை. ஏழாம் நாள் அவர் வாயைத் திறக்க முதல் நான் பேனையை எடுத்தேன். துணிச்சலால் அல்ல. இன்னொரு நாள் அந்த முகத்தைப் பார்க்க முடியாது என்பதால். கோவையை மீண்டும் திறந்தார்கள். ஹாஷிம் இன்னும் கிடைக்கவில்லை. அதையும் அப்படியே சொல்லி வைக்கிறேன்.

இப்போது இந்த மேடைக்குப் பின்னால் மன்றம் தொங்கவிட்டிருக்கும் பதாகையைப் பாருங்கள். அதில் இருப்பது யார்? இராமலெட்சுமி கறுப்பு. கன்னத்தில் அம்மைத் தழும்பு. மூக்குத்தி இல்லாதவர். நீங்கள் அச்சடித்திருக்கிற இந்த வெள்ளைக்காரிக்குத் தழும்பும் இல்லை, நாற்பத்திரண்டு வயதும் இல்லை, மூக்குத்தி வேறு போட்டிருக்கிறீர்கள்! இல்லாததை வைக்க மாட்டேன் என்று நின்ற ஒரு பெண்ணுக்கு நீங்கள் செய்திருக்கிற மரியாதை இது. அவருடைய அம்மா முன்வரிசையில் இருக்கிறா. வந்ததிலிருந்து அந்தப் பதாகையை ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் யாரோ ஒருத்தி.

பெரியோர்களே, வாசலில் சிவில் உடையில் யார் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். பிரமுகர்கள் அடிக்கடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையும் கவனித்தேன். கேட்கட்டும். நான் சொன்னதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு பெண் முகங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அவ்வளவுதான் குற்றம்.

மன்றம் வருடா வருடம் அவர் பெயரில் கேடயம் கொடுக்கப் போகிறதாம். கேடயம் வேண்டாம். அவர் காய்ச்சலில் விழும்வரை பதினான்கு மாதம் கைருன்னிஸா அந்தக் களஞ்சிய அறையில் இராமலெட்சுமியின் பக்கத்தில் இருந்து அந்த வேலையை முழுக்கப் பழகியிருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து அவர் என் ஸ்ரூடியோவில் வேலை செய்வார். பின்னறையில் அல்ல, காலி வீதியைப் பார்த்த முன் மேசையில், கதவு திறந்திருக்க. படங்களை ஸ்கேன் பண்ணிக் கொடுக்கிறது நான். எது உண்மை, எது இல்லை என்று முடிவெடுக்கிறது அவர். கண் வைத்துக் கொடுக்கச் சொல்லி யாரும் என்னிடம் தனியாக வரவேண்டாம்.

இராமலெட்சுமி, நீ கேட்ட கையெழுத்தை ஆறு நாள் தாமதித்துத் தந்தவன் இந்தச் சபைக்கு முன்னால் தருகிற வாக்கு இது.

என் ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரே ஒரு காரியம் மிச்சம். பின்சுவரோடு ஒன்பது தாய்மார் கூட்டம் தொடங்கியதிலிருந்து நின்றபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடித உறை. இரங்கல் சொல்ல மட்டும் அவர்கள் வரவில்லை. இராமலெட்சுமி இல்லாமல் இனி யாரிடம் போவது என்று தெரியாமல் வந்திருக்கிறார்கள். அம்மாமாரே, முன்னுக்கு வாங்கோ. கைருன்னிஸா, நீங்களும் அவருடைய சீ.ஆர். கொப்பியோடு மேலே வாங்கோ. பெயர்களை இப்பவே எழுதுவோம்.

தலைவர் அவர்களே, பிரமுகர்களே, எழும்புங்கோ. கதிரை தேவைப்படுகிறது.