ஏழு மணி சாட்டிலைட்

காலை ஏழு மணிக்கு நான் டீ குடிப்பதில்லை. அப்போதெல்லாம் அந்த நேரத்தில்தான் சாட்டிலைட் வரும். பன்னிரண்டு நிமிடம் ஆம்பூருக்கு மேலே இருந்துவிட்டுப் போய்விடும், இனி சாயங்காலம்தான். தாழ்வாகச் சுற்றுகிற சாட்டிலைட் ஓரிடத்தில் நிற்காது. அதற்குள் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியின் கடிதங்களை அனுப்பி, வெளிநாட்டு டாக்டர்களின் பதில்களை வாங்கிக்கொள்ள வேண்டும். தொண்ணூற்று மூன்றில் அந்தக் கம்ப்யூட்டரை இயக்கத் தெரிந்தவள் இந்த ஜெயபுஷ்பம் ஒருத்திதான்.

ஃபீபி அங்கே நர்ஸ். ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். சிறுவயதில் எனக்கு வலிப்பு வந்ததை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். நத்தானியேலுக்கு என்னை நிச்சயம் செய்த வாரம், அவன் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டாள். ஆறே மாதத்தில் அவளே அவனைக் கட்டிக்கொண்டாள். வயிறு எரிந்தது. ஆனாலும் அந்தக் கல்யாணத்தில் பாடகர் குழுவோடு நின்று பாடினேன்.

நத்தானியேல் தோல் பதனிடும் ஷாப்பில் சூப்பர்வைசர். நவம்பரில் ஒருநாள், வெளிநாட்டிலிருந்து வந்த கெமிக்கல் டிரம்மைத் திறந்தவன் மயங்கி விழுந்து, எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். டிரம்மில் பெயர் இல்லை, வெறும் நம்பர். மழையில் ரோடும் டெலிபோனும் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. அது என்ன விஷம், என்ன கொடுக்கலாம் என்று கேட்டு எங்கள் டாக்டர் எழுதியதைச் சாயங்கால சாட்டிலைட்டில் ஓர் எழுத்து பிசகாமல் அனுப்பினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

பதில் மறுநாள் காலை ஏழு ஐந்துக்கு வந்தது. பத்து வருடம் கழித்து நீங்கள் எடுத்துப்போயிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் அந்த நேரம் இருக்கும். மருந்தின் பெயர், அளவு எல்லாம் தெளிவாக இருந்தது. அந்த மருந்து எங்கள் ஸ்டோரிலேயே இருந்தது.

ஃபீபி கதவருகில் நின்றாள்.

“இன்னாடி புஷ்பா, வந்துச்சா?”

“வர்லடி. மேகம் ஜாஸ்தி. சாயங்காலம் பாக்கலாம்.”

மேகம் சாட்டிலைட்டுக்குத் தடையே இல்லை. அது டாக்டருக்குக்கூடத் தெரியாது.

அவளோடு முழங்காலில் நின்று ஜெபமும் செய்தேன். பதினொன்றரைக்கு நத்தானியேல் போய்விட்டான். பதிலை மறைத்தது நான்தான். மறைத்தால் சாவான் என்று தெரிந்தேதான் மறைத்தேன்.

“உன்ன வுட்டா எனக்கு யாருமில்லடி” என்று ஃபீபி என் மடியில் விழுந்து அழுதாள். அந்த நிமிடமே அவளை முழு மனதோடு மன்னித்துவிட்டேன்.