கழுத்தளவுச் சுவர்

என் பெயர் சோலையம்மாள். வயது நாற்பத்தேழு. கணவர் பெயர் செல்வக்குமார். மதுரை காளவாசலில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தெருவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். சொந்த வீடு என்றது என் கணவருக்குச் சொந்தமான வீடு, பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. பிறந்த ஊர் எழுமலை. பத்தாவது வரை படித்திருக்கிறேன். தொழில் என்ன என்று கேட்டதற்கு வீட்டு வேலை என்று சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த ஏட்டய்யா இல்லத்தரசி என்று போட்டுக்கொண்டார். அதை அடித்து மாற்றச் சொல்லவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் வீட்டுக்குள் நேற்று அத்துமீறி நுழைந்து சமையலறையை உடைத்ததாகவும், சித்த சுவாதீனம் இல்லாத என்னை ஏமாற்றியதாகவும் கொத்தனார் பேயாண்டி மீது என் கணவர் கொடுத்திருக்கும் புகார் சம்பந்தமாக என்னை விசாரித்ததில் நான் சொல்வது என்னவென்றால், பேயாண்டி எழுமலையில் என் பிறந்த வீட்டுக்கு அடுத்த தெருக்காரர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். நேற்று அவரை வரச் சொன்னது நான். கேட்டைத் திறந்து விட்டதும் நான். அவரும் அவருடன் வந்த சித்தாளும் எங்கள் வீட்டில் ஒரு பொருளையும் திருடவில்லை. உள்ளே வந்தவர்கள் சுவர்தான் கட்டினார்கள். திருட வந்தவன் சுவர் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவானா என்பதை அதிகாரிகள்தான் யோசிக்க வேண்டும்.

என் கணவர் காளவாசலில் டைல்ஸ், பாத்ரூம் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். போன வருடம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கடையில் டைல்ஸை அட்டையில் ஒட்டிக் காட்டினால் ஜனங்களுக்குப் புரிவதில்லை, ஒரு வீட்டையே செய்து காட்டினால்தான் ஆர்டர் பிடிக்கலாம் என்று நினைத்தார். அதற்குத் தோதாக வேறு வீடு எதுவும் இல்லாததால் நாங்கள் குடியிருக்கும் வீட்டையே எடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஜூடு என்கிற இன்டீரியர் டிசைனரைக் கூட்டி வந்தார். அந்தத் தம்பி நல்ல பையன், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. லேப்டாப்பில் எங்கள் வீட்டையே வரைந்து காட்டினார். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்திருக்கும் விளக்கு, டி.வி.க்குப் பின்னால் மரச்சட்டம் அடித்த சுவர், படுக்கை அறைக்குக் கூரை வரைக்கும் வார்ட்ரோப், மகள் பவதாரிணி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டதால் அவள் அறையைக் கெஸ்ட் ரூமாக மாற்றுவது, சாமி படங்களுக்குப் பின்னால் வெளிச்சம் தெரிகிற வெள்ளைப் பலகை என்று ஒவ்வொரு அறைக்கும் ஒன்று வைத்திருந்தார். எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை.

கடைசியாகச் சமையலறையைக் காட்டினார். அதில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சுவரைக் காணவில்லை. சுவர் இருந்த இடத்தில் மேலூர்க் கறுப்பு கிரானைட்டில் ஒரு மேடையும், அதற்கு முன்னால் உயரமான ஸ்டூல்களும் இருந்தன. சுவர் எங்கே தம்பி என்று கேட்டதற்கு ஜூடு சிரித்துக்கொண்டே, "ஆன்ட்டி, இது ஓபன் கிச்சன். இனிமே நீங்க தனியா உள்ள கெடக்க வேணாம். எல்லாரோடயும் பேசிக்கிட்டே சமைக்கலாம்" என்று சொன்னார். எங்கள் வீட்டில் என்னோடு பேசுகிறவர் யார் என்று அந்தத் தம்பிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அதன் பிறகு சுவரை இடித்தார்கள். வேலை முடிந்ததும் என் கணவர் வாடிக்கையாளர்களைக் கூட்டி வர ஆரம்பித்தார். காலையிலும் வருவார்கள், மத்தியானமும் வருவார்கள். நான் உலை வைத்திருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் நின்று சிம்னி எம்புட்டு இழுக்கும் என்று விசாரிப்பார்கள். என் கணவர் இழுப்பறையைத் தட்டிவிட்டு அது சத்தமில்லாமல் மூடுவதைக் காட்டுவார். படுக்கை அறையில் கட்டிலைத் தூக்கி அடியில் இருக்கும் இடத்தைக் காட்டுவார். அங்கே நான் மடித்து வைத்திருக்கும் பாவாடைகள் இருக்கும். முன்பின் தெரியாத ஆண்கள் குனிந்து பார்த்து, நல்ல இடம் இருக்கே என்பார்கள். வீட்டில் புளிக்குழம்பு தாளிக்கக் கூடாது, கருவாடு அறவே கூடாது, வாசனை சோபாவில் ஏறிவிடும் என்று சொல்லிவிட்டார். எழுமலைக்காரியைக் கருவாடு இல்லாமல் இருக்கச் சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

அந்நிய ஆண்கள் இருக்கும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் சாப்பிட உட்காருவதில்லை. சரியோ தப்போ, அப்படியே வளர்ந்துவிட்டேன். முன்பெல்லாம் ஹாலில் யார் இருந்தாலும் சமையலறைச் சுவருக்குப் பின்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவேன். சுவர் போன பிறகு அதற்கு வழியில்லை. ஆட்கள் வந்தால் போவதற்கு வெகுநேரம் ஆகும். அதனால் மத்தியானத்தில் தட்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். உட்காருவதற்கு அங்கே கக்கூஸ் மூடியைத் தவிர வேறு இடம் கிடையாது. கையை எடுத்தால் தானாக மெதுவாக இறங்குகிற மூடி அது, என் கணவர் எல்லாரிடமும் பெருமையாகக் காட்டுவது. இத்தனை பேர் மெச்சிய வீட்டில் நான் கக்கூஸில் உட்கார்ந்து சோறு தின்றேன் என்பதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஹாலில் கேமரா வைத்தார். வருகிறவர்கள் எதையாவது எடுத்துவிடக் கூடாது என்பதற்காக என்று சொன்னார். ஆனால் அது ஹாலைவிட அடுப்பைத்தான் நன்றாகப் பார்க்கும். கடையில் இருந்துகொண்டே போனில் பார்ப்பார். அந்தக் கேமராவில் பேசவும் முடியும். ஒரு நாள் மேலேயிருந்து, "ஏய், பாலு பொங்குது பாரு" என்று சத்தம் வந்ததில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். முதலில் அக்கறையாக்கும் என்று நினைத்தேன். பிறகு, தலையை முடி, நைட்டியை மாத்து, ஆள் வாராக என்றெல்லாம் கேமரா சொல்ல ஆரம்பித்தது.

எனக்குக் கூடப்பிறந்தவள் ஒரே அக்கா, பெயர் மலையம்மாள். எழுமலையில் இருந்தாள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குத் தலை பின்னியதும், கல்யாணத்தை முன்னின்று நடத்தியதும் அவள்தான். போன ஐப்பசி மாதம் ஒரு முற்பகலில், வயலுக்குப் போய்விட்டு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்று அக்கா மகன் எனக்குப் போன் செய்தான். அப்போது நான் அடுப்பில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் மேலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் என் கணவருடன் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊரில் இழவுச் செய்தி காதில் விழுந்த இடத்திலேயே வாய்விட்டு அழுதுவிடுவார்கள். அதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கும் சத்தம் தொண்டை வரைக்கும் வந்தது. நான் வாயைத் திறக்கும்போது என் கணவர் என்னைப் பார்த்தார். போனில் என்ன செய்தி என்பது என் முகத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அவர் உதட்டில் விரலை வைத்துவிட்டு, அதே விரலால் காபி டம்ளர்களைக் காட்டினார்.

நான் காபியை ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் டம்ளரை வாங்கிக்கொண்டு, "கிச்சன் எம்புட்டு அம்சமா இருக்கு. குடுத்து வச்சவ தாயி நீ" என்று சொன்னார். இதே மாதிரி தங்களுக்கும் வேண்டும் என்று பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். அவர்கள் காரைத் திருப்பும் வரைக்கும் வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்த என் கணவர், "இப்ப அழு, யாரு வேணாம்னா" என்றார்.

அழுகை வரவில்லை. அதன் பிறகு எழுமலைக்குப் போனேன். அக்காவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எனக்கு இடம் விட்டு, கட்டிப்பிடித்து அழக் கைகளை நீட்டினார்கள். நான் கட்டையாக உட்கார்ந்திருந்தேன். "கூடப்பெறந்தவ, கண்ணுல ஒரு சொட்டு இருக்கா பாரு, டவுனுக்காரி ஆயிட்டால்ல" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொன்னவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தெரியும். கருமாதி முடிந்து திரும்பி வந்த பிறகும் அது நெஞ்சிலேயே அடைத்துக்கொண்டு கிடந்தது. சோறு இறங்கவில்லை. என் கணவர் புகாரில் நான் சாப்பிடாமல், பேசாமல், வெறிக்கப் பார்த்துக்கொண்டு இருந்ததாக எழுதியிருப்பது உண்மை. காரணத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்.

அதன் பிறகு நான் அவரிடம் சுவரைத் திரும்பக் கட்டித் தரும்படி கேட்டேன். முடியாது என்றார். சரி, ஒரு துணித் திரையாவது போட்டுக்கொள்கிறேன், ஆட்கள் வரும்போது ஒதுக்கிவிடுகிறேன் என்று கேட்டேன். "கர்ட்டன் போட்டா அதை ஓபன் கிச்சன்னு எவன் நம்புவான்? ஒனக்கு என்ன லூசா புடிச்சிருக்கு?" என்று கேட்டார். லூசு என்ற பேச்சு அன்றைக்கு ஆரம்பித்ததுதான், இப்போது புகார் வரைக்கும் வந்திருக்கிறது.

போன வாரம் என் கணவர் டைல்ஸ் கம்பெனிக்காரர்கள் கூட்டிப்போன சுற்றுலாவில் குஜராத்துக்குப் போனார். அவர் போன பிறகு நான் பேயாண்டிக்குப் போன் செய்து வரச் சொன்னேன். கல்லும் சிமெண்டும் என் கைப்பணத்தில் வாங்கியது, கடையிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை. பேயாண்டி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, மாமா வந்தா வையமாட்டாரா? அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கவா?" என்றார். நான் வேண்டாம் என்று சொன்னேன். நல்லது கெட்டது என் பொறுப்பு என்றும் சொன்னேன். அதன் பிறகுதான் அவர் கொத்துக்கரண்டியைக் கையில் எடுத்தார். அந்த மேடையை அவர்கள் உடைக்கவில்லை. கிரானைட் பலகையைப் பெயர்த்து, கோணி விரித்துச் சாத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு மூலை மட்டும் லேசாகப் போயிருக்கிறது, ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய சுவர் இருந்த அதே இடத்தில் ஹாலோ பிளாக் வைத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். ஓரத்தில் ஒரு கதவுக்கு இடம் விடச் சொன்னேன். தாழ்ப்பாள் உள்பக்கம் வரும்படி சொன்னேன். மத்தியானத்துக்கு மேல், மேலேயிருந்து என் கணவரின் குரல், "ஏய், யார்ரா நீ? என் வீட்டுல என்னடா பண்ணிக்கிட்டு இருக்க?" என்று கேட்டது. பேயாண்டி பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எங்கே கும்பிடுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் கேமராவுக்கு நேராகப் போய் நின்று, "நான்தான் வரச் சொன்னேன். சுவரு கட்டுறோம்" என்று சொன்னேன். ஆகவே யாரோ அத்துமீறி நுழைந்தார் என்று என் கணவர் நினைத்திருக்க வழியே இல்லை. மனைவி சுவர் கட்டினாள் என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஊரான் வீட்டுப் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறார்.

சுவர் என் கழுத்தளவுக்கு எழும்பியிருந்தபோது பேயாண்டியும் சித்தாளும் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனார்கள். நான் சுவருக்கு அந்தப் பக்கம் போய், பழையபடி பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். நின்றால்தான் தலை தெரியும், உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. ஈரச் சிமெண்ட் வாசம் அடித்தது. அங்கே உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது. அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எங்கள் ஊரில் அழுகிற மாதிரியே மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது வீட்டுக்குள் போலீஸ்காரர்கள் நின்றார்கள். என் கணவர் குஜராத்திலிருந்தே போனில் புகார் எழுதி அனுப்பியிருக்கிறார். டீக்கடையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த பேயாண்டியை வாசலிலேயே பிடித்து வண்டியில் ஏற்றினார்கள்.

எனக்குப் பைத்தியம் என்பதற்கு அத்தாட்சியாக, கேமராவில் ஆளே தெரியாத வீட்டில் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததை என் கணவர் தன் போனில் பதிந்து இங்கே அனுப்பியிருக்கிறார். இன்று காலை இந்த நிலையத்தில் சார்பு ஆய்வாளர் அம்மா அதை எனக்குப் போட்டுக் காட்டினார். முழுவதும் கேட்டேன். அந்தச் சத்தம் என்னுடையதுதான். அது பைத்தியத்தின் சத்தம் இல்லை. ஐப்பசியில் என் கணவர் விரலைக் காட்டி நிறுத்தி வைத்த சத்தம் அது.

சுவர் உன் கணவர் வீட்டில் நிற்பதால் அதுவும் அவருக்குத்தான் சொந்தம், இடிக்கச் சொன்னால் என்ன செய்வாய் என்று என்னைக் கேட்டார்கள். இடித்தால் மறுபடி கட்டுவேன் என்று சொன்னேன். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார்கள். பேயாண்டி நேற்று மாலையிலிருந்து இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், சாப்பிட்டாரா என்று தெரியவில்லை. வழக்குப் போடுவதானால் என் மேல் போட்டுவிட்டு அவரை விட்டுவிட வேண்டும். கையில் காய்ந்திருக்கும் சிமெண்டைக்கூட அவர் இன்னும் கழுவவில்லை. அவர் வெளியே வந்ததும் முகம் கழுவிக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வர வேண்டும், சுவருக்கு மேலே இன்னும் கல் வைக்க வேண்டியிருக்கிறது.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறது, சொல்லாதது எதுவும் இல்லை. யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. நல்ல நினைவோடு சொல்லி, என் கையாலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
செ. சோலையம்மாள்