வெளியாள் வேண்டாம் என்றேன்

மட்டாஞ்சேரியில் மழை வலுத்தால் போன் லைன் போய்விடும், சார். 2005-இல் எங்கள் சமூக சபைக்கு வரன் பார்க்கும் வெப்சைட் தொடங்கியபோது வெளியாள் வேண்டாம் என்பதற்கு நான் சொன்ன முதல் காரணம் அதுதான்.

உறுப்பினர்களின் பாஸ்வேர்டைத் தாங்களே வைத்துக்கொண்டு, வருகிறவர் இன்னார்தான் என்று நமக்குச் சொல்லிவிடுவதாக ஒரு பெங்களூர் கம்பெனி முன்வந்தது. பாஸ்வேர்ட் எதுவும் நம் கண்ணிலேயே படாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் லைன் இல்லாத நாளில் சபைக் கம்ப்யூட்டரிலேயே வெப்சைட்டைப் பார்க்க வந்து உட்காருகிறவர்கள் எப்படி அதற்குள் நுழைவார்கள்?

செயலாளர் ராமபத்ரன் மாமா யோசித்தார். "நம்ம கொழந்தேளோட பாஸ்வேர்ட் யாரோ ஒருத்தன் கையில இருக்கணுமா, மாமா?" என்றேன்.

"வேண்டாம். நீயே பண்ணினா மதி, அதுவே போறும், வெங்கிடராமா. நம்மாத்துப் பையன் இருக்கச்சே வெளியாள் எந்துக்கு?"

நானே செய்தேன். பாஸ்வேர்டை யாரும் படிக்க முடியாதபடி உருமாற்றி வைப்பதுதான் முறை. நான் அவரவர் எழுதினபடியே, படிக்க முடிகிற மாதிரியே வைத்தேன்.

மாமாவின் மகள் தன்யா களமசேரியில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். மாமா சொன்னதற்காக அவளும் பதிவு செய்தாள். பலரையும் போல அவளுக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட். அவளுடைய மெயிலும் அதற்கே திறந்தது.

தினமும் சாயா குடித்துக்கொண்டே படிப்பேன். அழகாக எழுதுவாள். எல்லாம் ஏலூரில் வேலை பார்த்த ஷாஜிக்கு. எர்ணாகுளம் ரிஜிஸ்தர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மெயிலிலிருந்தே அவள் பெயரில் நான் ஒரு கடிதம் எழுதினேன். அப்பா பார்த்த வரனுக்குச் சம்மதித்துவிட்டேன், வராதே, போனும் செய்யாதே என்று. அவள் நடையிலேயே வந்துவிட்டது. அவன் கெஞ்சி எழுதிய பதிலைப் படித்துவிட்டு அழித்தேன். பிறகு வந்தவற்றையும்.

திங்கட்கிழமை சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு வந்தாள். மறுநாள் சபைக்கு வந்து என்னிடம் கேட்டாள்.

"மெயில் வழியிலே தொலைஞ்சு போறதுண்டோ, அண்ணா?"

"இல்லைம்மா. போனது போய்ச் சேரும்" என்றேன். பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் அவனுக்கு எழுதவில்லை; எதற்கும் மறுப்பும் சொல்லவில்லை. மாமா தாமே என்னைக் கேட்டார், அவளைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று. நானாகப் போய்க் கேட்கவில்லை, சார். அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் காலை அவள் படகுத்துறைக்குப் போனாள். மீன்பிடிக்கிறவர்கள்தான் காயலிலிருந்து எடுத்து வந்தார்கள். மாமா ஈரப் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை நான்தான் தாங்கிக்கொண்டேன்.

சாவுச் செய்தி கேட்ட ஷாஜி அந்தக் கடிதத்தை இந்த ஸ்டேஷனுக்கு உங்களிடம் கொண்டுவந்திருக்கிறான். ஆமாம், எழுதியது நான்தான். நான் எழுதியதால்தான் அவள் செத்தாள் என்கிறீர்கள், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அவள் எழுதிய அத்தனையும் படித்தவன் நான் ஒருவன்தான். எதிலும் என்னைப் பற்றி ஒரு குறை இல்லை, என் பெயரே இல்லை. அவளுக்கு என்னைப் பிடித்துத்தான் இருந்தது, சார். சொல்லத்தான் நாள் கிடைக்கவில்லை.