யானை இறங்கிய பலகை

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் சங்கத் தலைவர் பச்சியப்பன் அவர்களே! கணவர் ராஜாமணியைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தீர்த்தம்மாள் அவர்களே! நாற்காலி போதாமல் நின்றுகொண்டிருக்கும் மொரப்பூர், இண்டூர் பெருமக்களே! வணக்கம்.

இந்தக் கூட்டத்தைப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது! மொரப்பூரில் உதவி நிலைய அதிகாரியாக இருந்த இந்த மாதேஸ்வரனுக்கு இதில் பாதிக் கூட்டமாவது வருமா? வராது. ராஜாமணி யார்? எனக்குக் கீழே எடுபிடி வேலை பார்த்த கலாசி. ஊர் அவரை 'யானை ராஜாமணி' என்றது. என்னை? 'அந்த சாரு' என்றது!

அந்தக் காலத்தில் தருமபுரியில் ஆட்டம் போட வரும் சர்க்கஸ் நம் நிலையத்தில்தான் இறங்கும். ஒட்டகம், குதிரை, சிங்கக் கூண்டு எல்லாம் தனி ரயிலில் வரும். எண்பத்து நான்கில் வந்த ரயிலில் நான்கு யானைகள். முதல் யானை சாய்வுப் பலகையில் ஒரு காலை வைத்துத் தட்டிப் பார்த்தது, பின்வாங்கியது. பாகன் கெஞ்சினான். நான் கத்தினேன். பின்னால் மெயில் வண்டி காத்துக்கிடக்கிறது. சேலத்திலிருந்து போன் மேல் போன்!

"சார், கத்தாதீங்க. பலகைக்கு அடியில காலியா இருக்குதுன்னு அதுக்குத் தெரியுதுங்க. மண்ணுதான்னு நெனச்சா இறங்கிருமுங்க" என்றார் ராஜாமணி. பலகைக்கு அடியில் தண்டவாளக் கட்டைகளை அடுக்கினார். மேலே வைக்கோலைப் பரப்பி, மண்ணைக் கொட்டினார். மண் எங்கிருந்து எடுத்தார்? சிறந்த நிலையத் தோட்டக் கேடயத்துக்காக நான் வளர்த்த பூப்பாத்தியிலிருந்து, பத்துக் கூடை! யானை மறுபடியும் தட்டிப் பார்த்தது. இறங்கியது. நான்கும் இறங்கின. சர்க்கஸ் முதலாளி மாலை போட்டது யாருக்கு? ராஜாமணிக்கு!

அதன்பின் எந்த சர்க்கஸ் வந்தாலும், "ராஜாமணி பணியில் இருப்பாரா?" என்று முன்கூட்டியே கடிதம் வரும். யார் பெயருக்கு? என் பெயருக்கு! நான் பிரித்துப் படித்து, "இருப்பார்" என்று பதில் எழுத வேண்டும்!

பிறகு சட்டம் வந்தது, சர்க்கஸில் விலங்கு ஆட்டம் நின்றது, அந்த ரயில்களும் நின்றன. மூன்று வருடங்களுக்கு முன்பு சங்க மலருக்காகப் பேராசிரியை ஜாஸ்மின் அந்த வரலாற்றைக் கேட்டு என் வீட்டுக்கு வந்தார். யானையை இறக்கியது யார் யோசனை என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் யோசனை. ராஜாமணி மண் சுமந்தார்." அப்படியே அச்சில் வந்தது.

ராஜாமணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். தீர்த்தம்மாள் சொன்னார்: "அந்த புக்கு வந்ததுல இருந்து, வூட்டுக்கு யாரு வந்து கேட்டாலும் 'சாரு சொன்னாரு, நான் செஞ்சேன்'னுதாங்க சொல்லுவாரு. ஏன் பொய் சொல்றீங்கன்னு கேட்டேன். 'அச்சுல வந்துடுச்சு, சாருக்கு அசிங்கமாயிரும்'னாருங்க."

ராஜாமணி! என்னை நாலு பேர் முன்னால் திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் நாம் இருவரும் சமமாகியிருப்போமே! திட்டாமல் விட்டு அதிலும் நீங்கள்தானே ஜெயித்தீர்கள்!

ஜாஸ்மின் அம்மா, பேனாவை எடுங்கள். மறுபதிப்பில் போடுங்கள்: யோசனை ராஜாமணியுடையது. மண் சுமந்தவரும் ராஜாமணி. மாதேஸ்வரன் கத்தினார், அவ்வளவுதான். ஜோலார்பேட்டை முதல் சேலம் வரை சர்க்கஸ் ரயிலைக் கையாண்ட கலாசிகள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அத்தனை பேர் வீட்டுக்கும் நானே போகிறேன். அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரிலேயே எழுதி வருகிறேன். ராஜாமணிக்கு இது என் வாக்கு.

ஜாஸ்மின் அம்மா, எழுதிய தாளைக் கொடுங்கள், உங்கள் எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும். வயதானதால் என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை இன்னும் போகவில்லை.